சமுதாயக் கல்லூரியில் தத்துவமும் சமயமும்: அங்கே என்னதான் படிக்கிறார்கள்?

கலிபோர்னியாவுக்கு வந்து பல வருடம் கழித்து, வேலை பார்த்துக்கொண்டே பக்கத்து ஊர் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு பாடம் எடுத்தேன். ஒன்று தத்துவ அறிமுகம், இன்னொன்று உலகச் சமயங்கள். தஞ்சாவூரில் இருக்கும் சித்தியிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, மதம் கிதம் மாத்திடுவாங்களா?"

அதே வாரம் அலுவலக நண்பர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார்: "தத்துவத்துல படிக்கறதுக்கு என்ன இருக்கு? அவங்கவங்களுக்குத் தோணுறதுதானே?"

இந்த இரண்டு கேள்விகளையும் அதற்குப் பிறகு பல பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இந்தப் பாடங்களை எடுக்கப்போகிறோம் என்று சொன்னதும் கலங்கிப்போன பெற்றோர்களும் அதில் உண்டு. கேட்பவர்கள் மேல் தப்பே இல்லை. சமுதாயக் கல்லூரி, தத்துவம், சமயப் படிப்பு என்ற மூன்று சொற்களும் நம்மிடம் வேறு பொருளில் புழங்குகின்றன. அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

மினி பஸ்ஸும் எக்ஸ்பிரஸும்

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் தையல், கேட்டரிங் மாதிரி ஒரு கைத்தொழிலைக் கற்றுத்தந்து சான்றிதழ் கொடுக்கும் இடம் என்றுதான் பெரும்பாலும் நினைப்போம். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. அது அரசு நடத்தும் இரண்டு வருடக் கல்லூரி. தொழிற்படிப்பும் உண்டு, ஆனால் நான்கு வருடப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தையும் அங்கேயே படித்துவிடலாம்.

நம் ஊர் மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் நுழையாத தெருவுக்குள்ளெல்லாம் அது வரும். கை காட்டினால் நிற்கும், மூட்டையோடு ஏறலாம், டிக்கெட்டும் குறைவு. மெயின் ரோட்டில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து எக்ஸ்பிரஸைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சமுதாயக் கல்லூரி அந்த மினி பஸ். பள்ளி முடித்த யாரும் சேரலாம். மதிப்பெண் பார்த்து வடிகட்டுவது கிடையாது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவதை டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. இல்லினாய் மாநிலத்தில் 1901-ல் ஆறே மாணவர்களோடு தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரிதான் இன்றும் இயங்கிவருகிற அரசு சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947-ல் கொடுத்த அறிக்கைதான் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரைப் பரவலாக்கியது. இப்போது கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன.

கணக்கை 'யூனிட்' என்ற அளவில் போடுகிறார்கள். ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்றால், தோராயமாக அது ஒரு யூனிட். ஒரு பாடம் பொதுவாக 3 யூனிட். மாநிலத்திலேயே குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். ஆக, ஒரு பாடத்துக்கு 138 டாலர். வெளி மாநிலத்தவரும் மாணவர் விசாவில் வருபவர்களும் இதைப்போல் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். 60 யூனிட் சேர்ந்தால் 'அசோசியேட்' பட்டம், அதாவது இரண்டு வருடப் பட்டம் கிடைக்கும். இளங்கலைப் பட்டத்துக்கு 120 வேண்டும். பாதி வழி அது.

இதுவரை சொன்னது: சமுதாயக் கல்லூரி பல்கலைக்கழகத்தைவிடத் தரம் தாழ்ந்த இன்னொரு வகைக் கல்லூரி அல்ல, அதே பாதையின் முதல் பாதி. முதல் வருட மாணவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தத்துவ அறிமுகத்தைத்தான் இங்கேயும் படிக்கிறார்கள்.

தத்துவம் என்பது பொன்மொழி அல்ல

'தத்துவம்' என்ற சொல்லை நாம் பாடாய்ப் படுத்திவிட்டோம். ஆட்டோவின் பின்னால் எழுதியிருப்பது தத்துவம். தோற்றவனைத் தேற்றச் சொல்வதும் தத்துவம். யாராவது கொஞ்சம் நீட்டிப் பேசினால் "தத்துவம் பேசாதே" என்கிறோம். இந்தப் பழக்கத்தோடு வகுப்புக்குப் போனால் முதல் நாளே திகைப்பாக இருக்கும். அங்கே பொன்மொழிக்கு மதிப்பெண் இல்லை. "சரி, அதை ஏன் நம்ப வேண்டும்?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதற்குத்தான் மதிப்பெண்.

அந்தப் பதிலுக்கு 'வாதம்' என்று பெயர். சண்டை போடுவது என்ற பொருளில் அல்ல. சில செய்திகளை முன்வைத்து, அவற்றிலிருந்து இன்னொரு செய்திக்கு வந்து சேர்வது வாதம். முன்வைக்கும் செய்தி எடுகூற்று. வந்து சேரும் செய்தி முடிவு. இந்த இரண்டு சொல்லும் புரிந்தால் போதும், முதல் மாதப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

எடுத்துக்காட்டு ஒன்று. மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது. படித்ததும் சரி என்றுதான் தோன்றும். ஆனால் விடியற்காலையில் யாராவது கோலம் போட வாசல் தெளித்திருந்தால்? எடுகூற்று இரண்டும் உண்மையாகவே இருந்தும் முடிவு தவறிவிடுகிறது. கோளாறு செய்திகளில் இல்லை, அவற்றைக் கோர்த்த விதத்தில் இருக்கிறது.

மளிகைக் கடைச் சீட்டை வைத்து இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சீட்டில் இரண்டு விஷயத்தைச் சரிபார்ப்போம். கூட்டல் சரியா என்பது ஒன்று. எழுதியிருக்கும் சாமானெல்லாம் நாம் வாங்கியதுதானா, விலை சரியா என்பது இன்னொன்று. கூட்டல் கச்சிதமாக இருந்தும், வாங்காத ஒரு கிலோ துவரம்பருப்பு சீட்டில் ஏறியிருக்கலாம். வாதத்திலும் இப்படித்தான். எடுகூற்றுகள் உண்மையானால் முடிவும் உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும் என்கிற மாதிரி கோர்வை அமைந்திருந்தால், அது செல்லுபடியாகும் வாதம். கூட்டல் சரி என்பதற்குச் சமம். கோர்வையும் சரியாகி, எடுகூற்றுகளும் உண்மையாக இருந்தால் அது திடமான வாதம். கூட்டலும் சரி, சாமானும் சரி.

எல்லா மீன்களும் பறக்கும். நெத்திலி ஒரு மீன். ஆகவே நெத்திலி பறக்கும். இது செல்லுபடியாகும், ஆனால் திடமில்லை. வகுப்பில் பலர் தடுக்கி விழும் இடம் இது. முடிவு அபத்தமாக இருப்பதால் கோர்வையும் தப்பு என்று நினைத்துவிடுகிறோம். அதைவிட ஆபத்து அதற்கு நேர் எதிரானது. நமக்குப் பிடித்த முடிவாக இருந்துவிட்டால் கோர்வை ஓட்டையாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாட்சாப்பில் வரும் பாதி ஃபார்வர்டுகள் இப்படித்தான் நம்மைக் கடந்துபோகின்றன.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்துக் கொடுத்த வித்தை என்று நினைக்க வேண்டாம். மணிமேகலையில் அறவண அடிகள் பாடம் நடத்தும் இடத்தைப் பாருங்கள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. சொல்ல வந்தது, காரணம், எடுத்துக்காட்டு என்று பிரித்து, எங்கெங்கே காரணம் வழுக்கும் என்று பட்டியலே போடுகிறது அந்தக் காதை. இலங்கையில் உயர்தரம் படித்தவர்களுக்கு அளவையியல், அதாவது வாதங்களை ஆராயும் தர்க்கம், ஒரு விருப்பப் பாடம்; எடுகூற்று என்ற சொல் அவர்களுக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தச் சொல்லே நாற்பது வயதுக்கு மேல்தான் அறிமுகமானது என்பதில் வருத்தம் உண்டு.

அப்படியானால் "அவங்கவங்களுக்குத் தோணுறதுதானே" என்ற நண்பரின் கேள்விக்கு என்ன பதில்? தோன்றுவது எல்லோருக்கும் தோன்றும். கட்டுரையில் ஆசிரியர் பார்ப்பது நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அல்ல. எதிர்ப்பக்கத்தின் வாதத்தை, அந்தப் பக்கத்துக்காரரே "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறீர்களா என்பதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். பரபக்கத்தில் பிறருடைய கொள்கையை எடுத்துச் சொல்லி மறுப்பு எழுதிவிட்டுத்தான் சுபக்கத்தில் தன் கொள்கைக்கு வருகிறார். என் ஆசிரியர் கேட்டதும் இந்த வரிசையைத்தான். என் முதல் கட்டுரை இதில்தான் தோற்றது. எதிர்வாதத்தை இரண்டே வரியில் சொல்லி மூன்றாவது வரியில் அடித்துப்போட்டிருந்தேன். "நீங்கள் அடித்தது வைக்கோல் பொம்மையை, ஆள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

மரம் ஏன் மரத்தை ஆகிறது?

இனி சித்தியின் கேள்விக்கு வருவோம்.

'மரம்' என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்தால் 'மரமை' என்று நாம் சொல்வதில்லை, 'மரத்தை' என்கிறோம். மூன்று வயதுக் குழந்தைகூடத் தப்பில்லாமல் சொல்லும். ஆனால் அந்த 'த்து' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். அது அத்துச் சாரியை என்று இலக்கணம் படித்தவர் சொல்வார். மொழியைப் பேசுவது ஒன்று, மொழியைப் பற்றிப் படிப்பது இன்னொன்று. மொழியியல் வகுப்பில் சேர்ந்தால் யாரும் உங்கள் தாய்மொழியை மாற்றுவதில்லை. எந்த மொழி உசத்தி என்று அங்கே தீர்ப்பும் சொல்வதில்லை.

சமயத்துக்கும் இதே வேறுபாடு உண்டு. ஒரு சமயத்தை ஏற்றுக்கொண்டு, உள்ளே நின்று, அதன் நம்பிக்கையை ஆழமாகப் புரிந்துகொள்வது இறையியல். பாதிரியாராகப் போகிறவர் செமினரியில் படிப்பது அது. இலங்கைப் பள்ளிகளில் சைவப் பிள்ளைகள் படிக்கும் சைவநெறிப் பாடமும் அந்த வகைதான்: நம் சமயம், அதை இப்படி அறிந்து இப்படி வாழ வேண்டும் என்று சொல்வது. சமயங்களை மனிதர்களின் வாழ்க்கையில் உள்ள ஒன்றாக வெளியிலிருந்து பார்த்து, அவை எப்படித் தோன்றின, எப்படி மாறின, என்ன செய்கின்றன என்று ஆராய்வது சமயவியல். அரசு சமுதாயக் கல்லூரியில் இருப்பது சமயவியல் மட்டுமே. ஒரு சமய அமைப்பு நடத்தும் தனியார் கல்லூரியில் இறையியலும் இருக்கலாம். அரசுக் கல்லூரியில் அதற்கு இடமில்லை.

இடமில்லை என்பது கல்லூரியின் பெருந்தன்மை அல்ல, சட்டம். அந்தச் சட்டம் தெளிவானதன் பின்னால் ஒரு பையனின் கதை இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் அந்தக் காலத்தில், அரசுப் பள்ளிகளில் தினமும் காலையில் பைபிளிலிருந்து பத்து வசனமாவது, விளக்கம் எதுவும் சொல்லாமல், வாசிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1956 நவம்பரில் அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் எல்லரி ஷெம்ப் என்ற பதினாறு வயது மாணவன் ஒரு குர்ஆனைக் கையோடு கொண்டுபோனான். அவன் முஸ்லிம் அல்ல. யூனிட்டேரியன் என்ற கிறிஸ்தவ மரபில் கிளைத்த பிரிவைச் சேர்ந்த குடும்பம். எல்லோரும் பைபிள் வாசிப்பைக் கேட்டபோது அவன் குர்ஆனைத் திறந்து மௌனமாக வாசித்தான். அடுத்து ஜெபம் சொல்ல எல்லோரும் எழுந்தபோது அவன் எழவில்லை. தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினார்கள். குடும்பம் வழக்குப் போட்டது. 1963 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, அந்த வாசிப்பு அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அரசு எந்தச் சமயத்தையும் நிறுவக் கூடாது என்று 1791-லிருந்தே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் சொல்லிவருகிறது.

பலர் அறியாத பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அதே தீர்ப்பில் நீதிபதி டாம் கிளார்க் இன்னொன்றையும் எழுதினார். சமயங்களின் வரலாற்றையும் ஒப்பீட்டையும் படிக்காமல் ஒருவரின் கல்வி முழுமையாகாது என்றே சொல்லலாம். பொதுக் கல்வியின் பகுதியாக, சார்பில்லாமல் சமயத்தைப் படிப்பிக்கத் தடை இல்லை. உடன் தீர்ப்பு எழுதிய நீதிபதி கோல்ட்பெர்க், சமயத்தைப் போதிப்பது வேறு, சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று கோடு போட்டுக் காட்டினார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் வேகமாகப் பெருகின. ஒரு கதவை மூடிய தீர்ப்புதான் இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. நான் உட்கார்ந்திருந்த வகுப்பறைக்கும் அந்தப் பையனின் காலை நேரத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு.

இதுவரை சொன்னது: இறையியல் உள்ளே நின்று பேசுகிறது, சமயவியல் வெளியே நின்று பார்க்கிறது. அரசுக் கல்லூரி ஆசிரியர் உங்களை எந்தச் சமயத்துக்கும் இழுக்கக் கூடாது. எந்தச் சமயத்திலிருந்தும் விலக்கவும் கூடாது.

தீர்ப்பை ஒத்திவைத்தல்

வெளியே நின்று பார்ப்பது என்றால் என்ன? ஒரு சடங்கையோ நம்பிக்கையையோ பார்க்கும்போது அது உண்மையா பொய்யா, உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற முடிவைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, செய்பவருக்கு அது என்னவாக இருக்கிறது என்று கவனிப்பது. இதைத் தீர்ப்பை ஒத்திவைத்தல் என்று சொல்லலாம். நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பது போலத்தான், திரும்பும்போது மாட்டிக்கொள்ளலாம்.

சொல்லும்போது எளிது. செய்யும்போதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. எங்களுக்குக் கொடுத்த வேலை: உங்களுடையது அல்லாத ஒரு வழிபாட்டு இடத்துக்குப் போய், பார்த்ததை எழுத வேண்டும். என் வகுப்பில் மெக்சிகோ வம்சாவளிக் கத்தோலிக்கப் பெண் ஒருவர் இருந்தார். மருத்துவமனையில் இரவு வேலை. லிவர்மோரில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குப் போக வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். போனோம்.

தீபாராதனை முடிந்து தட்டு எங்களிடம் வந்தது. நான் சுடரின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் கண்ணில் வைக்கிறீர்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா என் கையைப் பிடித்துச் செய்ய வைத்ததிலிருந்து செய்துவருகிறேன். மரத்தை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு அத்துச் சாரியை தெரியாதது போல நின்றேன்.

கட்டுரையின் முதல் வரைவில் அவர் "இங்கே மக்கள் பொம்மைகளை வணங்குகிறார்கள்" என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "இது நீங்கள் பார்த்ததா, உங்கள் தீர்ப்பா?" என்று கேட்டிருந்தார். அவர் திருத்தி எழுதினார்: "அர்ச்சகர் உருவத்தைப் பாலால் நீராட்டினார். துடைத்தார். பட்டு உடுத்தினார். உணவைக் காட்டினார். வீட்டுக்கு வந்த மரியாதைக்குரிய ஒருவரை உபசரிப்பது போல இருந்தது." பூஜையை உபசாரம் என்று நாமே சொல்வது அவருக்குத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுதினார், அங்கே வந்து சேர்ந்துவிட்டார். நான் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்வந்து எழுதியிருந்தேன். என் கட்டுரையிலும் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் இருந்தது: 'கூச்சல்'.

கோயிலில் இன்னொன்றும் நடந்தது. நான் விபூதி பூசிக்கொண்டதைப் பார்த்து அவர், "எங்களுக்கும் உண்டு, வருடத்தில் ஒரு புதன்கிழமை" என்றார். தவக்காலம் தொடங்கும் நாளில் கத்தோலிக்கர்கள் நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்வார்கள். முந்தின வருடக் குருத்து ஞாயிறன்று பயன்படுத்திய ஓலையை எரித்து எடுத்த சாம்பல் அது. மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்ற நினைவூட்டல், மனம் வருந்தித் திரும்புவதற்கான அடையாளம். விபூதி பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுப்பது. சைவருக்கு அது சிவனின் அருட்சின்னம், தினமும் இட்டுக்கொள்வது. எல்லாம் சாம்பலாகும் என்ற நினைவு இரண்டிலும் இருக்கிறது. ஆனால் ஒன்றில் வருத்தம் முன்னால் நிற்கிறது, இன்னொன்றில் காப்பு. ஒற்றுமையைக் கண்டதும் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று முடித்துவிடாமல், எங்கே பிரிகிறது என்றும் பார்ப்பதுதான் ஒப்பீடு. இதில் எனக்குப் பிடித்தது, தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயர்: திருநீற்றுப் புதன். சைவச் சொல்லை எடுத்துக் கிறிஸ்தவ நாளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். இதைச் சித்தியிடம் சொன்னபோது, "எதிர் வீட்டு டீச்சர் வருஷா வருஷம் பூசிட்டு வருவாங்க, நான் கேட்டதே இல்லையே" என்றார்.

பார்ப்பதற்கு ஒரு வரிசையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்காட்லாந்து வழிவந்த அறிஞர் நினியன் ஸ்மார்ட், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967-ல் சமயவியல் துறையைத் தொடங்கியவர். சமயம் என்றால் நம்பிக்கை மட்டும்தான் என்ற எண்ணத்தை உடைக்க, அதற்கு ஏழு பக்கங்கள் உண்டு என்றார்: சடங்கு, கதை, கோட்பாடு, நெறி, அனுபவம், சமூக அமைப்பு, கண்ணால் காணும் பொருள்கள். கோயிலில் அந்தத் தோழியின் நோட்டில் அதிகம் நிரம்பியது கடைசி இரண்டும்தான். தெற்கத்தி பாணியும் வடக்கத்தி பாணியும் ஒரே கோயிலில் கலந்திருந்ததையும், சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் தனித்தனியே கோயில் கட்டியவர்கள் இங்கே ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டதையும் கேட்டுக் கேட்டு எழுதினார். கோட்பாட்டுப் பக்கம் அவர் நோட்டில் இரண்டே வரி. என் சித்தியிடம் கேட்டிருந்தாலும் அவ்வளவுதான் இருந்திருக்கும். பெரும்பாலானவர்களின் சமயம் கோட்பாட்டில் இல்லை, கையிலும் காலிலும் வாயிலும் இருக்கிறது.

அப்படியானால் கடவுள் இருக்கிறாரா என்று யார் கேட்பது?

சமயவியல் அந்தக் கேள்வியை ஒத்திவைக்கிறது. தத்துவம் அதை மேசை மேல் எடுத்துப் போடுகிறது. இரண்டு துறையும் ஒரே வளாகத்தில், சில கல்லூரிகளில் ஒரே துறையாகவே இருப்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். சமயத்தின் கூற்றுகளை வாதங்களாக எடுத்து நிறுத்துப் பார்க்கும் பிரிவுக்குச் சமயத் தத்துவம் என்று பெயர்.

எங்களுக்கு முதலில் கொடுத்தது பிளேட்டோ எழுதிய ஒரு சிறிய உரையாடல். யூத்திஃப்ரோ என்பவன் நீதிமன்ற வாசலில் சாக்ரடீஸைச் சந்திக்கிறான். சாக்ரடீஸ் மேல் தெய்வ நிந்தனை வழக்கு. யூத்திஃப்ரோ வந்திருப்பது தன் சொந்தத் தந்தை மேல் கொலை வழக்குப் போட. அவர்கள் நிலத்தில் வேலை பார்த்த கூலியாள் ஒருவன் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிடுகிறான். தந்தை அவனைக் கை கால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வது என்று கேட்க ஏதென்சுக்கு ஆள் அனுப்புகிறார். ஆள் திரும்புவதற்குள் கட்டப்பட்டவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போகிறான். தந்தை மேல் வழக்குப் போடுவது தெய்வத்துக்கு உகந்ததுதான் என்று யூத்திஃப்ரோவுக்குச் சந்தேகமே இல்லை. அப்போது சாக்ரடீஸ் கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, அல்லது அது நல்லது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா?

நிதானமாக யோசியுங்கள். முதலாவது என்றால், தெய்வம் கொடுமையை விரும்பினால் அதுவும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால், நல்லது என்பது தெய்வத்துக்கு முன்பே தனியாக நிற்கிறது. வகுப்பில் அன்றைக்கு ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. பக்தியுள்ளவர்கள் சிலர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கட்டினார்கள். தெய்வத்தின் இயல்பே நன்மைதான், அதனால் அது கொடுமையை விரும்பவே முடியாது என்று. அதை மறுத்தவர்கள் சிலர். அந்தக் கேள்வி நம்பிக்கை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சமமாகவே வேர்க்க வைத்தது. மறுவாரம் எழுதிக் கொடுத்த கட்டுரையில் எந்த முடிவும் எழுதலாம்; மூன்று பதிலுக்கும் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

நம்பிக்கை போய்விடுமா என்று கேட்கும் பெற்றோர்களுக்கு என்னால் வாக்குறுதி கொடுக்க முடியாது. கேள்விகள் வரும். வீட்டில் "ஏன்?" என்று கேட்கும் பிள்ளையாக அது வந்து நிற்கும். அப்போது "கேட்காதே" என்று சொல்லும் வீடுகளில்தான் சிக்கல் பெரிதாவதைப் பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை, தட்டு வரும்போது இப்போதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். ஆனால் இப்போது கவனித்துச் செய்கிறேன்.

சேர நினைப்பவர்களுக்கு

கலிபோர்னியாவில் 2010-ல் வந்த ஒரு சட்டத்தால், டிரான்ஸ்ஃபருக்கென்றே அமைத்த அசோசியேட் பட்டம் தத்துவத்திலும் கிடைக்கிறது. அதை முடித்தால் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத் தொகுப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. நீங்கள் கேட்கும் அதே வளாகத்தில் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை 'அசிஸ்ட்' என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். மினி பஸ் டிக்கெட்டை எக்ஸ்பிரஸ் கண்டக்டர் ஒத்துக்கொள்வாரா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்வது போலத்தான்.

வேலை? தத்துவத்தில் இரண்டு வருடப் பட்டம் என்று கேட்டு விளம்பரம் செய்யும் நிறுவனம் இல்லை. அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது மேலே படிப்பதற்கான படி. சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு நேரடியாகவே உதவும்; சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டில் பெரும்பகுதி, மேலே பார்த்த மாதிரி வாதங்களைப் பிரித்து அலசும் கேள்விகள்தான். நர்சிங், கணினி படிப்பவர்களும் ஒரு பாடமாவது எடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற விமர்சனச் சிந்தனைப் பாடம் ஒன்று கட்டாயம். அதைப் பல கல்லூரிகளில் தத்துவத் துறையும் நடத்துகிறது.

ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்றால், வாதங்களில் ஆர்வம் இருப்பவர் விமர்சனச் சிந்தனையையும், மனிதர்களில் ஆர்வம் இருப்பவர் உலகச் சமயங்களையும் எடுக்கலாம். சேரும் முன் சிலபஸைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாடநூல் ஒன்று மட்டும் இருக்கிறதா, பிளேட்டோ, கீதை, குர்ஆன், தம்மபதம் என்று மூலங்களிலிருந்தும் சில பக்கம் வாசிக்கக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுங்கள். 3 யூனிட் பாடத்துக்கு வகுப்பு நேரம் போக வாரம் ஆறு மணி நேரம் படிப்பும் எழுத்தும் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் மாதம் எட்டு ஆனது. வாசிப்பு கனமாகத் தோன்றினால் இரண்டாவது வாரத்துக்குள் ஆசிரியரின் அலுவல் நேரத்தில் போய்ப் பேசுங்கள். அந்த நேரத்தில் அவர் அறைக்கு வெளியே நான் ஒரு நாளும் வரிசையைப் பார்த்ததில்லை.